ஆறடி வாரும் ஒரு மலைப்பாதையும்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுவே, சான்டா மோனிகா மலைத்தொடரின் கிழக்கு முனையில், 4,200 ஏக்கருக்கும் மேலாக விரிந்து கிடக்கும் கிரிஃபித் பூங்கா, அமெரிக்க நகரங்களின் எல்லைக்குள் அமைந்த பூங்காக்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பரப்புடையது. பூங்கா என்றதும் மனத்தில் எழும் புல்தரையும் சிமென்ட் இருக்கையும் இங்கே சில ஓரங்களில் மட்டுமே உண்டு. எஞ்சிய பெரும்பகுதி சப்பரல் எனப்படும் புதர்க்காடு, அதாவது மழையில்லாத நீண்ட கோடையைத் தாங்குவதற்கேற்பத் தடித்த சிற்றிலைகளைக் கொண்ட குட்டைச் செடிகள் அடர்ந்து, செங்குத்தான மலைச்சரிவுகளைப் போர்த்தியிருக்கும் காடு. அதனூடே 50 மைலுக்கும் மேல் நீளும் மண்பாதைகளில் மனிதர் நடக்கலாம், ஓடலாம், குதிரையில் செல்லலாம். நாயையும் அழைத்துச் செல்லலாம், ஆனால் நகரச் சட்டப்படி அது 6 அடிக்கு மேற்படாத வாரில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். வார் என்பது நாயின் கழுத்துப்பட்டையிலோ மார்புப்பட்டையிலோ கொக்கியால் மாட்டப்பட்டு, மறுமுனை மனிதரின் கையில் இருக்கும் நாடா. நாயை அடக்கி வைப்பதற்கான கருவி என்றே அதைப் பலரும் கருதுகின்றனர். நெரிசல் மிகுந்த ஒரு மலைப்பாதையில் அதன் முதற்பயன், அதைப் பிடித்திருப்பவரின் கவனத்தைப் பாதையிலிருந்து விலகாமல் வைத்திருப்பதே என்பதை இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

இந்நிலத்தை நகருக்கு வழங்கியவர் வேல்ஸில் பிறந்து, சுரங்கத் தொழிலில் பொருளீட்டிய கிரிஃபித் ஜெ. கிரிஃபித். 1896 டிசம்பரில் 3,015 ஏக்கரை அவர் தானமாக அளித்தபோது, உழைக்கும் எளிய மக்கள் இளைப்பாறும் இடமாக அது இருக்க வேண்டும் என்பதே அவர் கூறிய நோக்கம். தம் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுச் சிறை சென்றவரும் அவரே என்பதால் அவரது பிந்தைய நன்கொடையை ஏற்க நகரம் நெடுநாள் தயங்கியது. அவர் 1919இல் மறைந்த பின்னரே, அவர் விட்டுச்சென்ற நிதியைக் கொண்டு 1935இல் இப்பூங்காவில் வானாய்வகம் திறக்கப்பட்டது. எல்லோருக்கும் என்று தரப்பட்ட நிலம் எல்லோராலும் நிரம்பி வழிவது இயல்பு. இங்குள்ள பாதைகளின் நெரிசலைக் குறையாகப் பேசுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

வானாய்வகத்தின் வாகன நிறுத்துமிடத்திலிருந்து புறப்பட்டு 1,625 அடி உயரமுள்ள மவுன்ட் ஹாலிவுட் உச்சிக்குச் செல்லும் பாதை, இப்பூங்காவில் மிகுதியாக ஆட்கள் நடமாடும் பாதைகளுள் ஒன்று. போய்வர ஏறத்தாழ 3 மைல், ஏற்றம் 500 அடி அளவே என்பதால் மலையேறிப் பழகாதவரும் துணிந்து வருகின்றனர். தீயணைப்பு வண்டி செல்வதற்காக வெட்டப்பட்ட தடமாகையால் சில இடங்களில் அகலமாகவும், மழைநீர் அரித்த ஓரங்களில் ஒடுங்கியும் அது வளைந்து வளைந்து ஏறுகிறது. விடுமுறை நாளின் காலையில் அதன் ஒரு வளைவில் மட்டும் நின்று பார்த்தாலே போதும்: காதில் ஒலிக்கருவி பொருத்தி இறக்கத்தில் வேகமாக ஓடி வருபவர், ஹாலிவுட் எழுத்துகளைப் படமெடுப்பதற்காகப் பாதை நடுவிலேயே நின்றுவிட்ட சுற்றுலாக் குடும்பம், கைப்பிடியை உதறிவிட்டு ஓடும் மூன்று வயதுக் குழந்தை, ஊன்றுகோலுடன் ஒவ்வோர் அடியாக வைத்து ஏறும் முதியவர், எதிர்த்திசையில் இரண்டு நாய்கள், இத்தனையும் ஒரே நிமிடத்தில் ஒரே வளைவைக் கடக்கின்றன. இவர்களில் ஒருவர் நாய்க்கடிக்கு ஆளாகி அந்த அச்சம் நீங்காதவராக இருக்கலாம் என்பதும், அது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதன்று என்பதும் நாயுடன் வருபவர் நினைவில் கொள்ள வேண்டியவை.

ஆறடி என்ற அளவு தற்செயலாகப் பொருத்தமாக அமைந்திருக்கலாம். ஆயினும் பாதையின் நடைமுறைக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நடப்பவருக்கும் பக்கத்தில் வரும் நாய்க்கும் இடையே அந்த நீளம் ஒரு சிறு தொய்வைத் தருகிறது. கொக்கி கழுத்தடியில் செங்குத்தாகத் தொங்க, நாடா தாழ்ந்து வளைந்து மீண்டும் கைக்கு ஏறி வரும் அந்தத் தொய்வே நல்ல நடையின் அடையாளம் என்று பயிற்றுநர்கள் கூறுவர். வாரின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்ச நாடாவை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரல்களைச் சுற்றியோ மணிக்கட்டில் பலமுறை சுற்றியோ வைத்துக்கொண்டால், நாய் திடீரென்று பாயும்போது விரல் முறியவும் ஆள் சரிவில் இழுபடவும் நேரும். கைப்பிடிப் பெட்டிக்குள் சுருண்டிருந்து இழுக்க இழுக்க நீளும் வகை வார்கள் 15, 25 அடிவரை நீள்வதால் இப்பாதைக்குச் சற்றும் ஏற்றவையல்ல. வளைவுக்கு அப்பால் போய்விட்ட நாயை அதன் உரிமையாளர் காண்பதில்லை. பாதைக்குக் குறுக்கே நீண்ட மெல்லிய கயிற்றை ஓடி வருபவர் காண்பதில்லை. கயிறு உராய்ந்து காலில் ஏற்படும் எரிகாயமும், பதற்றத்தில் அந்தக் கயிற்றையே கையால் பற்றி விரல் அறுபடுவதும் மருத்துவர்கள் அறிந்தவையே.

எதிரே ஒரு நாய் வரும்போதுதான் வாரைப் பிடிப்பவரின் தேர்ச்சி வெளிப்படுகிறது. கட்டில்லாத இரண்டு நாய்கள் வெட்டவெளியில் சந்திக்கும்போது பெரும்பாலும் நேருக்குநேர் செல்வதில்லை. ஒரு வில்போல வளைந்து, பார்வையைத் தாழ்த்தி, தரையை முகர்ந்து, பக்கவாட்டில் அணுகி, ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று மோந்து அறிமுகம் செய்துகொள்கின்றன. ஒடுங்கிய பாதை அந்த வளைவுக்கு இடம் தருவதில்லை. இறுக்கிப் பிடித்த வார், நாயின் தலையை நிமிர்த்தி மார்பை முன்தள்ளி, அது விரும்பாத ஒரு மிரட்டல் தோற்றத்தை அதன்மேல் ஏற்றிவிடுகிறது. எதிர்நாய் அதை அறைகூவலாகவே படித்துக்கொள்கிறது. விலகி ஓடவும் வழியில்லை என்று உணரும் விலங்கு குரைக்கிறது, பாய்கிறது. வீட்டில் சாதுவான நாய் வாரில் மட்டும் சீறும் இந்நிலையை வார்ச் சீற்றம் எனலாம். பெரும்பாலும் இதன் வேர் அச்சமும் ஏமாற்றமுமே. எனவே அதட்டலும் சுண்டி இழுத்தலும் அதை மேலும் வளர்க்கின்றன. எதிர்நாய் தொலைவில் இருக்கும்போதே பாதையின் அகன்ற ஓரத்துக்கு ஒதுங்கி, நாய்க்கும் எதிர்வருபவருக்கும் இடையில் தாம் நின்று, ஒரு தின்பண்டத் துணுக்கால் அதன் பார்வையைத் தம்பக்கம் திருப்பி, கடந்து போனபின் நடையைத் தொடர்வது போதுமானது.

“கடிக்காது, ஒண்ணும் செய்யாது” என்னும் சொற்றொடருக்கு எல்லா நாடுகளிலும் எல்லா மொழிகளிலும் ஒரு வடிவம் உண்டு. கிரிஃபித் பூங்காவில் வாரைக் கழற்றிவிட்டு நடப்பவர்களின் வாயில் அது அடிக்கடி கேட்கும். தம் நாயைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எதிர்வரும் நாய் முதிர்ந்ததாகவோ, அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறி வருவதாகவோ, முன்பு கடிபட்டதாகவோ இருந்தால் அந்த உண்மையால் அதற்குப் பயனில்லை. அஞ்சி விலகும் குழந்தையின் தாயிடம் தம் நாயின் நற்குணத்துக்குச் சான்றுரைப்பது, அவருடைய அச்சத்தைத் தீர்ப்பதற்கு மாறாக அதற்கு அவரையே பொறுப்பாக்குகிறது. இது நாயின் குணம் பற்றிய கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. பொதுப்பாதையில் அணுகலாமா, தொடலாமா என்பதை முடிவுசெய்யும் உரிமை அணுகப்படுபவருக்கே உரியது. மனிதருக்கிடையில் ஐயமின்றி ஏற்கப்பட்டுள்ள இந்நெறியை நாய்க்காக மட்டும் தளர்த்துவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

வாரை எங்கே மாட்டுவது என்பதும் சிறிய செய்தியன்று. 2006இல் வெளிவந்த ஒரு கால்நடை மருத்துவ ஆய்வு, கழுத்துப்பட்டையில் பிணைத்து இழுக்கும்போது நாயின் கண் உள்ளழுத்தம், அதாவது கண்கோளத்துக்குள் இருக்கும் நீர்மத்தின் அழுத்தம், குறிப்பிடத்தக்க அளவு உயர்வதையும், மார்புப்பட்டையில் பிணைத்து இழுக்கும்போது அவ்வாறு உயராததையும் காட்டியது. கண்ணழுத்த நோயுள்ள நாய்க்கும் மூச்சுக்குழல் வலுக்குறைந்த சிற்றினங்களுக்கும் மார்புப்பட்டையே உகந்தது.

குதிரைகளுக்கு வழிவிடுவது இப்பூங்காவின் மரபு. பூங்காவின் ஓரங்களில் லாயங்கள் இருப்பதால் மண்பாதைகளில் குதிரைகள் வருவது வழக்கம். குதிரை இரைவிலங்கு, அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து ஏறத்தாழ முழுவட்டத்தையும் நோக்கினும், நேர் பின்னே வரும் நாயை அது காண்பதில்லை. உயரத்திலிருந்து பாயும் கொல்விலங்குக்கு அஞ்சும் இயல்பு அதற்கு உண்டு என்பதால், நாயுடன் நடப்பவர் இடம் அனுமதித்தால் பாதையின் தாழ்ந்த பக்கத்தில் ஒதுங்கி, நாயை அருகில் அமர்த்தி, சவாரி செய்பவரிடம் இயல்பான குரலில் இரண்டு சொல் பேச வேண்டும். மனிதக் குரல் கேட்டதும் புதரருகே நிற்கும் உருவம் இன்னதென்று குதிரைக்குத் தெளிவாகிறது.

கொல்விலங்கு என்று கூறும்போது, இப்பூங்காவில் உண்மையாகவே வாழ்ந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை, சான்டா மோனிகா மலைகளின் பூமாக்களுக்கு ஆய்வின் பொருட்டு வரிசை எண் இட்டு வருகிறது. மலைச்சிங்கம் என்றும் அழைக்கப்படும் இப்பெரும்பூனைகளில் 22ஆவதாகக் குறிக்கப்பட்ட ஆண், பி-22. நகரின் மிகப் பரபரப்பான இரண்டு நெடுஞ்சாலைகளை எப்படியோ உயிருடன் கடந்து வந்த அது, 2012இல் கிரிஃபித் பூங்காவில் பொருத்தப்பட்டிருந்த தானியங்கி ஒளிப்படக் கருவியில் முதன்முதலில் பதிவாயிற்று. வளர்ந்த ஆண் பூமாவுக்கு வழக்கமாகத் தேவைப்படும் பரப்பில் மிகச் சிறு பங்கே உள்ள இந்நிலத்தில், துணையும் இன்றி, திரும்பிச் செல்ல வழியும் இன்றி, பத்தாண்டுகள் வாழ்ந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் பாதைகளுக்கு அருகிலேயே பகலில் புதர்களுக்குள் அது படுத்திருந்தது. நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை.

2022 நவம்பரில், பூங்காவை ஒட்டிய ஹாலிவுட் குன்றுகளின் குடியிருப்புத் தெரு ஒன்றில், வாரில் பிணைக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்ட ஒரு சிவாவா நாயை பி-22 பின்னாலிருந்து பாய்ந்து கவ்விச் சென்றது. வாரைப் பிடித்திருந்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. வார் எல்லா இடர்களிலிருந்தும் காக்கும் என்று சொல்வது பொய்யாகும். அவ்விலங்கும் தன் இயல்புக்கு மாறாக ஒன்றும் செய்துவிடவில்லை. அடுத்த மாதம் வல்லுநர்கள் அதைப் பிடித்துப் பரிசோதித்தபோது, வாகனம் மோதியதால் நேர்ந்தது என்று கருதப்பட்ட மண்டையோட்டுக் காயமும், முற்றிய சிறுநீரக நோயும், எடையிழப்பும் தெரியவந்தன. டிசம்பர் 17 அன்று அது கருணைக்கொலை செய்யப்பட்டது. வழக்கமான இரையைப் பிடிக்க இயலாத நிலையில் அது தெருவுக்கு இறங்கி வந்திருக்கக்கூடும். இந்நிகழ்வில் நாயை இழந்தவர்களின் துயரும் அவ்விலங்கின் துயரும் ஒன்றையொன்று குறைத்துவிடுவதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், நகருக்கு மேற்கே அகூரா ஹில்ஸில், நெடுஞ்சாலைக்கு மேலே காட்டு விலங்குகள் கடப்பதற்கான பாலத்தின் கட்டுமானம் தொடங்கியிருந்தது. அதற்கான ஆதரவைத் திரட்டியதில் பி-22இன் கதைக்குப் பெரும் பங்குண்டு.

பூமா அரிது, கொயோட்டி அன்றாடம். ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட உருவமுள்ள இவ்விலங்கு, குட்டி ஈனும் இளவேனிலில் தன் வளையருகே வரும் நாயைத் தொலைவிலிருந்தே பின்தொடர்ந்து, எல்லையைக் கடக்கும்வரை விட்டுவிடாமல் வரும். அது வேட்டையாட வருவதாக எண்ணி ஓடினால் நாயின் துரத்தும் உணர்ச்சியும் கொயோட்டியின் துரத்தும் உணர்ச்சியும் ஒருசேரத் தூண்டப்படும். சிறிய நாயைக் கையில் தூக்கிக்கொண்டு, பெரிய நாயை வாரில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் உரத்த குரலெழுப்பியபடி நகர்வதே முறை. வெயில் ஏறிய நாளில் பாதையோரம் படுத்திருக்கும் கிலுகிலுப்பைப் பாம்பின் பொருட்டும் இதே ஆறடி உதவுகிறது: மூக்கைப் புதருக்குள் நுழைக்கும் நாயைப் பாதை நடுவில் நிறுத்திவைக்க வேறு வழியில்லை.

இதுவரை கூறியவை நாய்க்கு நேரக்கூடிய தீங்குகள். நாயால் நேரும் தீங்கைப் பற்றி நாயை நேசிப்பவர்கள் பேசத் தயங்குகின்றனர்; அத்தயக்கம் நியாயமானதன்று. சிட்னி நகருக்கு அருகிலுள்ள காடுகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வாரில் கட்டிய நாயுடன் நடந்த பாதைகளில் பறவை இனங்களின் எண்ணிக்கை 35 விழுக்காடும், பறவைகளின் மொத்த எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்ததைக் கண்டது. நாயின்றி மனிதர் மட்டும் நடந்தபோது ஏற்பட்ட பாதிப்பு இதில் பாதியைவிடக் குறைவு. கென்ட் நகரைச் சுற்றியுள்ள இயற்கைக் காப்பிடங்களில் பெல்ஜிய ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2022இல் வெளியிட்ட முடிவின்படி, நாய்களின் கழிவு ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் 11 கிலோ நைட்ரஜனையும் 5 கிலோ பாஸ்பரசையும் சேர்க்கிறது. வாரில் கட்டியபோது இச்சுமை பாதையோரத்தில் இன்னும் செறிவாகக் குவிகிறது. பாஸ்பரஸ் மிகப் பெரும்பாலும் மலத்திலிருந்து வருவதால் அதை எடுத்துச் சென்றாலே அச்சுமை ஏறத்தாழ முழுவதும் நீங்கும். சிறுநீரில் உள்ள நைட்ரஜனுக்கு அத்தகைய தீர்வு இல்லை. மலத்தைப் பையில் கட்டிப் பாதையோரப் பாறைமேல் வைத்துவிட்டு “திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்” என்று செல்வோர் பலர், திரும்பும்போது வேறு பாதையில் திரும்புகின்றனர்; பை அங்கேயே வெயிலில் கிடக்கிறது. இத்தகைய காரணங்களால்தான் யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்கள் பெரும்பாலான காட்டுப்பாதைகளில் நாயை அனுமதிப்பதில்லை. அத்தடை சரியானதே, அதை ஏற்பவர்களே கிரிஃபித் பூங்கா போன்ற திறந்த இடங்களின் அருமையை உணர்ந்து அவற்றைக் காக்க முடியும்.

வெப்பம் மற்றொரு பெரிய இடர். நாயின் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே இருப்பதால், அது இரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கிறது. பக், புல்டாக் போன்ற தட்டைமூக்கு இனங்களுக்கு அதுவும் எளிதில் கைகூடாது. மவுன்ட் ஹாலிவுட் பாதையில் நிழல் அரிது. உச்சிக்குச் சற்றுக் கீழே, 1960களில் டான்டே ஆர்கோலினி என்பவர் உருவாக்கத் தொடங்கிய டான்டேஸ் வியூ என்னும் சிறு தோட்டமே நிழலுக்கு ஒதுங்கத்தக்க இடம். நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, வழக்கமாக முன்னே செல்லும் நாய் பின்தங்கினால் நடை அங்கேயே முடிந்தது என்று கொண்டு, நிழலில் கிடத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் நீரை ஊற்றி விசிறி, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நாய்கள் தம்மை அழைத்துச் செல்பவரை மகிழ்விக்கும் ஆவலில் தம் களைப்பை மறைத்துக்கொண்டே வரும் என்பதால், அளவறிந்து நிறுத்த வேண்டியவர் வாரைப் பிடித்திருப்பவரே.

இத்தனை எச்சரிக்கைக்கும் நடுவில் நடை நாய்க்கானது என்பது மறந்துபோய்விடக் கூடாது. நாயின் மூக்கில் 30 கோடி வரை மணம் உணரும் ஏற்பிகள் உள்ளன. மனிதருக்கு ஏறத்தாழ 60 லட்சம். மூச்சை வெளிவிடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே சென்று, தரையிலுள்ள புதிய மணத்தை முன்துளையை நோக்கித் தள்ளுவதால், அது இடைவிடாமல் முகரவும் வல்லது. ஒரு கல்லின் ஓரத்தில் அரை நிமிடம் நிற்கும் நாய், முன்னே சென்ற விலங்கு எது, எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது, அதன் உடல்நிலை என்ன என்பன போன்ற செய்திகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறது. பர்னார்டு கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸும் ஷார்லட் டுரான்டனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மணந்தேடும் பயிற்சி பெற்ற நாய்கள், காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி பெற்றவற்றைவிட, உணவு இருக்குமா இல்லையா என்று ஐயத்துக்குரிய கிண்ணத்தை விரைந்து அணுகின. நல்லதை எதிர்பார்க்கும் மனநிலை கூடியதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் இதைக் கொண்டனர். எனவே ஆள் குறைந்த பகுதிகளில் வாரை முழு நீளத்துக்கு விட்டு, உச்சியை அடைவதில் முனைப்புக் காட்டாமல், நாய் நிற்கும் இடத்தில் நின்று, அது நகரும்போது நகர்வது நல்லது. வளைவுகளிலும் நெரிசலிலும் மட்டும் வாரை மடித்துப் பிடித்தால் போதும். பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்ப அதைச் சுருக்கியும் நீட்டியும் கையாளத் தெரிந்தவருக்கு, நேரம் பார்த்து நடக்கும் வழக்கம் தானாகவே விட்டுப்போகிறது.

நடை முடிந்து வாகனத்தில் ஏற்றுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இளவேனில் முடிந்ததும் காய்ந்து உதிரும் ஃபாக்ஸ்டெயில் என்னும் காட்டுப்புல்லின் கதிர்களில் ஒருதிசைப் பற்கள் இருப்பதால், அவை நாயின் காதிலோ நாசியிலோ விரலிடுக்கிலோ நுழைந்தால் முன்னோக்கி மட்டுமே நகரும். தோலைத் துளைத்து உடலுக்குள் வெகுதூரம் சென்று சீழ்ப்பிடிக்க வைத்தவையும் உண்டு. ஒவ்வொரு பாதத்தையும் விரித்து, விரலிடுக்குகளையும் காதின் உட்புறத்தையும் அக்குளையும் விரல்நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். தலையை ஒருபக்கம் சாய்த்து ஆட்டிக்கொண்டே இருந்தாலோ, இடைவிடாது தும்மினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாய்சன் ஓக் என்னும் செடியின் எண்ணெய் நாயின் உரோமத்தில் ஒட்டி வந்து, தடவும் மனிதரின் தோலில் கொப்புளமாகிவிடும் என்பதால், புதரை உரசி வந்த நாளில் கையுறை அணிந்து அதைக் குளிப்பாட்டுவதும், தரையெல்லாம் புரண்டு வந்த வாரையும் அத்துடன் சோப்பிட்டு அலசிக் காயவைப்பதும் நலம்.